நோ-லிமிட் போக்கரில் அதிரடி பெட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தின் அடிப்படை தெரிந்தவர்களுக்காக எழுதியது இது. கையில் இரண்டு கார்டு, நடுவில் ஃப்ளாப்புக்கு மூன்று, டர்னுக்கு ஒன்று, ரிவருக்கு ஒன்று, நான்கு சுற்று பெட்டிங். இவ்வளவு தெரிந்தால் போதும். விடாமல் பெட், விடாமல் ரெய்ஸ் (எதிராளி கட்டியதற்கு மேல் ஏற்றிக் கட்டுவது) என்று ஆடுகிறவர்களை வீடியோவில் பார்த்துவிட்டு "நானும் இப்படி ஆடலாமா?" என்று கேட்கிறவர்களுக்கான பதில்கள்தான் பெரும்பாலும்.

அதிரடி என்று எதைச் சொல்கிறீர்கள்? நல்ல கார்டு வந்தால் நிறையக் கட்டுவதுதானே?

நல்ல கார்டுக்கு யார்தான் கட்டமாட்டார்கள்? கார்டு சுமாராக இருக்கும்போதும், சில நேரம் ஒன்றுமே இல்லாதபோதும், செக் செய்யலாம் (எதுவும் கட்டாமல் விடுவது), கால் செய்து பார்க்கலாம் (எதிராளி கட்டிய அளவே கட்டுவது) என்கிற வழியையெல்லாம் ஒதுக்கிவிட்டு பெட்டும் ரெய்ஸுமாகவே போவதைத்தான் இங்கே அதிரடி என்கிறோம். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் நிறைய கார்டுகளோடு உள்ளே வருவார், நிறைய அடிப்பார், ஆனால் எதிராளி யார், பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் பணம்) எவ்வளவு, தனக்குப் பின்னால் யார் பேச வேண்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் அடிப்பார். அவரை லூஸ்-அக்ரசிவ் என்பார்கள். இன்னொருவர் எதையும் பார்க்காமல் அடிப்பார், அவருக்கு மேனியாக் என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து பார்த்தால் முதல் ஆள் சில இடங்களில் சத்தமே இல்லாமல் ஃபோல்டு செய்வது (கார்டைப் போட்டுவிட்டு விலகுவது) கண்ணில் படும். இரண்டாமவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

நோ-லிமிட்டில் மட்டும் ஏன் இதற்கு இவ்வளவு மவுசு?

நோ-லிமிட்டில் கையில் இருக்கும் சிப்ஸ் முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், அதனால் பாட் வளரும் வேகம்தான் காரணம். பாட்டில் 100 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாப்பில் 100 கட்டுகிறீர்கள், எதிராளி கால் செய்கிறார், பாட் 300. டர்னில் 300 கட்டுகிறீர்கள், பாட் 900. ரிவரில் 900. ஆக மூன்றே பெட்டில் ஆளுக்கு 1,300 உள்ளே போய்விடுகிறது. பிளைண்ட் (ஆட்டம் தொடங்கும் முன் இருவர் கட்டாயமாகக் கட்டுவது, அதில் பெரியது பிக் பிளைண்ட்) கணக்கில் சொன்னால், ஃப்ளாப்புக்கு முன்னால் பாட் ஏழரை பிக் பிளைண்டாக இருந்தால், பாட் அளவு பெட் மூன்று கட்டும்போது ஏறக்குறைய 97 பிக் பிளைண்ட் காலி. 100 பிக் பிளைண்டோடு உட்கார்ந்தவரின் மொத்த ஸ்டாக்கும் (கையிருப்பு சிப்ஸ்) ஒரே ஆட்டத்தில் மேசைக்கு நடுவில் வந்துவிடுகிறது.

இதனால்தான் ஃப்ளாப்பில் வரும் சாதாரண பெட்டுக்குக்கூடப் பயம் வருகிறது. "இதைக் கட்டிவிடலாம், அடுத்த சுற்றில் இன்னும் பெரிதாக அடித்தால் என்ன செய்வது?" என்ற யோசனையிலேயே பாதிப் பேர் கார்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பெட்டின் அளவுக்கு உச்சவரம்பு வைத்த லிமிட் ஆட்டத்தில் இந்த மிரட்டல் எடுபடாது, இன்னும் இரண்டு சிப்ஸ்தானே என்று கால் செய்துவிட்டுப் போவார்கள்.

சரி, இதில் உண்மையான லாபம் என்ன?

ஜெயிக்க இரண்டு வழி கிடைக்கிறது. கால் செய்கிறவருக்கு ஒரே வழிதான், கடைசியில் அவர் கார்டு பெரிதாக இருக்க வேண்டும். பெட் கட்டுகிறவர் கார்டு பெரிதாக இருந்தாலும் ஜெயிப்பார், எதிராளி ஃபோல்டு செய்தாலும் ஜெயிப்பார். ஜோடி இல்லாத இரண்டு கார்டுக்கு ஃப்ளாப்பில் எதுவும் சேராமல் போவது மூன்றில் இரண்டு தடவை நடக்கும். எல்லோருக்கும் அதே கதிதான், உங்களுக்குச் சேராதபோது அவருக்கும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அப்போது முதலில் கை நீட்டுகிறவருக்குப் பாட் போகிறது.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் அதிகம் பேசமாட்டார்கள். பல கேசினோக்களில் ஃப்ளாப் வருவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டால் கேசினோ தன் கமிஷனை எடுப்பதில்லை. முன்னாலேயே அடித்துப் பிளைண்டை அள்ளுகிறவருக்கு அதுவும் மிச்சம்.

எவ்வளவு தடவை ஃபோல்டு செய்தால் ப்ளஃப் கட்டுபடியாகும்?

ப்ளஃப் என்றால் கார்டு இல்லாமலே எதிராளியை விலக வைக்கக் கட்டும் பெட். இந்தக் கணக்கு விரல் நுனியில் இல்லாதவர் அதிரடி ஆட்டத்துக்குப் போகவே கூடாது. பாட்டில் 1,000. உங்களிடம் ஒன்றுமில்லை, கால் செய்தால் தோல்வி நிச்சயம். 500 கட்டினால், 500-ஐப் பணயம் வைத்து 1,000-ஐக் குறிவைக்கிறீர்கள், மூன்றில் ஒரு தடவை எதிராளி விலகினாலே கைநஷ்டம் இல்லை. 1,000 கட்டினால் பாதித் தடவை விலக வேண்டும். 2,000 கட்டினால் மூன்றில் இரண்டு தடவை.

அதாவது பெட் பெரிதாகப் பெரிதாக எதிராளிக்குப் பயம் கூடுகிறது, கூடவே அவர் பயந்தே ஆக வேண்டிய கட்டாயம் உங்களுக்கும் கூடுகிறது. அதிரடி ஆட்டத்தின் நல்லது கெட்டது இரண்டுமே இந்த இடத்தில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் இதன் கிளைகள். பாட்டைப் போல இரண்டு மடங்கு அடிப்பவரைப் பார்த்து "எவ்வளவு துணிச்சல்" என்கிறோம். அவர் தன் தலையில் எவ்வளவு பெரிய நிபந்தனையை ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று பார்ப்பதில்லை.

வெறும் ப்ளஃபுக்கும் செமி-ப்ளஃபுக்கும் அவ்வளவு வித்தியாசமா?

மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இப்போது ஒன்றுமில்லாவிட்டாலும் பின்னால் சேரக்கூடிய கார்டோடு அடிப்பது செமி-ப்ளஃப். அதே 1,000 பாட், ஃப்ளாப்பில் நீங்கள் 2,000-க்கு ஆல்-இன் (கையில் உள்ள சிப்ஸ் முழுவதும்) போகிறீர்கள், எதிராளி 40 சதவீதத் தடவை விலகுகிறார் என்று கொள்வோம். கையில் ஒன்றுமே இல்லையென்றால் சராசரியாக ஒவ்வொரு தடவையும் 800 போகும். ஆனால் உங்களிடம் ஃபிளஷ்ஷுக்கு (ஐந்தும் ஒரே இனக் கார்டு) ஒரே ஒரு கார்டு குறைவாக இருக்கிறது, ரிவருக்குள் அது வர 35 சதவீதம் வாய்ப்பு. இப்போது அதே பெட், அதே எதிராளி, அதே 40 சதவீதம், சராசரியாக 250 லாபம். வெறுங்கையில் முழம் போடுவதற்கும், கையில் கொஞ்சமாவது துணி வைத்துக்கொண்டு முழம் போடுவதற்கும் 1,050 வித்தியாசம்.

உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். 2003-இல் லாஸ் வேகஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் முதன்மைப் போட்டி, 839 பேர், கடைசியில் மிஞ்சியது இருவர்: டென்னசி மாநிலத்து கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபார்ஹா. மணிமேக்கர் 86 டாலர் இணையத் தகுதிப் போட்டி வழியாக வந்தவர். அவர் கையில் ஸ்பேடு கிங், ஹார்ட் 7. ஃபார்ஹாவிடம் ஸ்பேடு குயின், ஹார்ட் 9. ஃப்ளாப்பில் ஸ்பேடு 9, டைமண்ட் 2, ஸ்பேடு 6. டர்னில் ஸ்பேடு 8. ஃபார்ஹாவுக்கு டாப் பேர் (நடுவில் உள்ள பெரிய கார்டோடு சேர்ந்த ஜோடி), அவர்தான் முன்னணி. 3 லட்சம் கட்டுகிறார். மணிமேக்கர் 8 லட்சத்துக்கு ரெய்ஸ்.

அந்த ரெய்ஸைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒரு ஸ்பேடு வந்தால் ஃபிளஷ், 5 அல்லது 10 வந்தால் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து கார்டு), இன்னொரு கிங் வந்தாலும் 9 ஜோடியை ஜெயிக்கும். இருவர் கார்டையும் தெரிந்துகொண்டு எண்ணினால் மீதமுள்ள 44 கார்டில் 17 அவருக்குச் சாதகம். பூச்சாண்டி காட்டியது உண்மைதான், ஆனால் பூச்சாண்டிக்குப் பின்னால் ஆள் இருந்தது. ரிவரில் வந்தது ஹார்ட் 3. எதுவுமே சேரவில்லை. இப்போது கையில் கிங் மட்டும். அங்கே அவர் ஆல்-இன் போனார், அது நூற்றுக்கு நூறு வெறும் ப்ளஃப். ஃபார்ஹா ரொம்ப நேரம் யோசித்தார், ஃபிளஷ் வரவில்லை போலிருக்கிறதே என்று வாய்விட்டே சொன்னார், சரியாகவே சொன்னார், ஆனாலும் விலகினார். பிறகு பட்டமும் 25 லட்சம் டாலரும் மணிமேக்கருக்கு.

இதைப் பார்த்துப் பலர் கற்றுக்கொள்வது ரிவர் பெட்டை. கற்றுக்கொள்ள வேண்டியது டர்ன் ரெய்ஸை. டர்னில் அந்தக் கதையைச் சொல்லி வைத்ததால்தான் ரிவரில் அது நம்பும்படி இருந்தது. அப்புறம், எதிரில் இருந்தவர் டாப் பேரை விட்டுவிடக்கூடிய ஆள் என்பதையும் மறக்கக் கூடாது.

எங்கள் டேபிளில் யாருமே ஃபோல்டு செய்வதில்லை. அங்கே இது வேலை செய்யுமா?

செய்யாது. நண்பர்கள் வீட்டு ஆட்டம், சின்னப் பணத்து டேபிள், இலவச சிப்ஸ் செயலி எதுவானாலும், "என்னதான் வச்சிருக்கான்னு பாத்துடலாம்" என்று கட்டுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்குப் பாட் கணக்கும் தெரியாது, நீங்கள் டர்னில் சொன்ன கதையும் காதில் விழாது, கையில் ஒரு ஜோடி இருந்தால் ரிவர் வரை வருவார்கள். இப்படிப்பட்டவரிடம் மூன்று சுற்று ப்ளஃப் செய்வது பணத்தைக் கவரில் போட்டுக் கொடுப்பது.

இங்கே செய்ய வேண்டியது, ப்ளஃபைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, நல்ல கார்டு வரும்போது மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கட்டுவது. சுவாரசியம் இருக்காது, வீடியோவில் போட ஒன்றும் தேறாது, ஆனால் சிப்ஸ் ஏறும்.

பெரிய அதிரடி ஆட்டக்காரர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?

ஸ்டூ அங்கர் முதலில். 1980, 1981, 1997 என்று மூன்று முறை வேர்ல்ட் சீரிஸ் முதன்மைப் போட்டியை ஜெயித்தவர். எதிராளியின் முகத்தில் தயக்கம் தெரிந்த அடுத்த நொடி சிப்ஸைத் தள்ளுவார் என்பார்கள். மேசையில் அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசைக்கு வெளியே போதைப் பழக்கமும் பந்தயமும் அத்தனையையும் தின்றுவிட்டன, 1998 நவம்பரில் லாஸ் வேகஸ் மோட்டல் ஒன்றில் 45 வயதில் இறந்தார். அதிரடி ஆட்டம்தான் அவரைக் கொன்றது என்று சொல்வது நியாயமில்லை.

டென்மார்க்கின் கஸ் ஹான்சனுடையது வேறு கதை. எந்தக் கார்டோடும் உள்ளே வருகிறார் என்று எதிராளிகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது 2002 முதல் 2004-க்குள் மூன்று வேர்ல்ட் போக்கர் டூர் பட்டங்களை எடுத்தார். அதே மனிதர் பின்னால் ஃபுல் டில்ட் என்ற இணையப் போக்கர் தளத்தில் பல வகை ஆட்டங்களிலுமாகச் சேர்த்து 2 கோடி டாலருக்கு மேல் இழந்தார். காரணம் ஒன்றல்ல, ஆனால் முக்கியமான ஒன்று இது: 2003-இல் அவரைப் பார்த்து மிரண்டவர்கள் இருந்தார்கள், சில ஆண்டுகளில் மிரளாதவர்கள் வந்துவிட்டார்கள். அதிரடியின் விலை எதிராளியின் அனுபவத்தைப் பொறுத்து மாறுகிறது.

ஸ்வீடனின் விக்டர் ப்ளோம், 'இசில்டர்1' என்ற பெயரில் 2009 கடைசியில் யாரென்றே தெரியாமல் இணையத்தில் வந்து பெரிய தலைகளை ஒவ்வொருவராகச் சண்டைக்கு இழுத்தவர். லட்சக்கணக்கில் ஜெயித்தார். அந்த டிசம்பரில் பிரையன் ஹேஸ்டிங்ஸிடம் ஒரே அமர்வில் சுமார் 42 லட்சம் டாலர் தோற்றார். அது பாட்-லிமிட் ஒமாஹா (கையில் நான்கு கார்டு, பாட் அளவுக்கு மேல் கட்ட முடியாது), நோ-லிமிட் அல்ல. ஆனால் எந்த ஆட்டமானாலும் எதிராளியையும் பண அளவையும் பார்க்காமல் எல்லோரோடும் மோதினால் ஏற்ற இறக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு அவரைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

டோர்னமென்டில் அடித்து ஆடுவதும் கேஷ் கேமில் அடித்து ஆடுவதும் ஒன்றா?

இல்லை. கேஷ் கேமில் தோற்றால் பையில் இருந்து எடுத்து மறுபடி உட்காரலாம். டோர்னமென்டில் தோற்றால் வீட்டுக்கு. 80 சதவீதம் சாதகமான நிலையில் மட்டுமே ஆல்-இன் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் மொத்த ஸ்டாக்கையும் ஐந்து முறை அப்படிப் போட்டால் ஐந்திலும் தப்பிக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். நீங்களே தேடிப் போய் 50-50 நிலைகளில் மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அதிரடி அதிகம் பலிக்கும் இடமும் டோர்னமென்டில்தான் இருக்கிறது. பரிசுப் பணம் தொடங்க இன்னும் ஒன்றிரண்டு பேர் வெளியேற வேண்டும் என்கிற கட்டத்தை பப்பிள் என்பார்கள். அப்போது நடுத்தர ஸ்டாக் வைத்திருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு இழக்கும் சிப்ஸின் மதிப்பு, ஜெயிக்கும் சிப்ஸின் மதிப்பைவிட அதிகம், வெளியேறினால் வெறுங்கை. உங்களிடம் பெரிய ஸ்டாக் இருந்தால் அவர்கள் பிளைண்டை வரிசையாக எடுத்துக்கொண்டே போகலாம். யாரை விடவேண்டும் தெரியுமா? இரண்டே பிளைண்ட் மிஞ்சி எதற்கும் தயாராக இருப்பவரை, அப்புறம் உங்களைவிடப் பெரிய ஸ்டாக் வைத்திருப்பவரை.

கம்ப்யூட்டர்கள் என்ன சொல்கின்றன?

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ரிவர்ஸ் கேசினோவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராட்டஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு தனித்தனியாக மோதியது. 20 நாள், 1,20,000 ஆட்டம், நோ-லிமிட். சிப்ஸ் கணக்கில் 17 லட்சம் டாலருக்கு மேல் நிரல் பக்கம். பாட்டைவிடப் பல மடங்கு பெரிய பெட்டை அது தயங்காமல் கட்டியது, மனிதர்கள் அதற்கு முன் அப்படி அடிக்கடி செய்ததில்லை. பிறகு பெரிய பெட் என்பது ஆட்டத்தின் சாதாரண அங்கமாகிவிட்டது.

இதை "கம்ப்யூட்டரே அதிரடி" என்று எடுத்துக்கொள்வது அரைகுறைப் புரிதல். அது ப்ளஃபையும் நல்ல கார்டையும் ஒரு விகிதத்தில் கலந்து அடிக்கிறது. ரிவரில் பாட் அளவு பெட் என்றால், இரண்டு நல்ல கார்டுக்கு ஒரு ப்ளஃப் என்ற அளவில் கலந்தால் எதிராளிக்குக் கால் செய்தாலும் விலகினாலும் ஒன்றுதான். இரண்டு மடங்கு பெட்டுக்கு, மூன்று நல்ல கார்டுக்கு இரண்டு ப்ளஃப். மேனியாக் இந்த விகிதத்தைத் தலைகீழாக வைத்திருப்பார், அதுதான் அவர் பிரச்சினை.

பைத்தியம் மாதிரி ஆடி வைத்தால், நல்ல கார்டு வரும்போது எல்லோரும் கால் செய்வார்களே?

செய்வார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரை வாங்க எவ்வளவு செலவாயிற்று என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கையில் ஜோடி ஏஸ் வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு தடவை. நேரில் ஆடும் டேபிளில் மணிக்கு ஏறக்குறைய 30 ஆட்டம்தான் ஓடும். நீங்கள் பெயரை வாங்கிவிட்டுக் காத்திருக்கும்போது மேசையில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள்.

எதிரில் ஒரு மேனியாக் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வது?

முடிந்தால் அவருக்கு இடதுபக்க இருக்கைக்கு மாறுங்கள், அவர் முதலில் பேசிவிடுவார், நீங்கள் பார்த்துவிட்டுப் பேசலாம். பெரிய கார்டு வந்தால் உடனே ரெய்ஸ் செய்து அவரை விரட்ட வேண்டாம், செக் செய்யுங்கள், அவர் அடிப்பார், கால் செய்யுங்கள், திரும்பவும் அடிப்பார். வழக்கமாக ரிவரில் விட்டுவிடும் டாப் பேரை இங்கே விடாதீர்கள். பாட் அளவு பெட்டுக்கு மூன்றில் ஒரு தடவை நீங்கள் ஜெயித்தாலே கால் கட்டுபடியாகும், இரண்டு மடங்கு பெட்டுக்கே 40 சதவீதம் போதும்.

கஷ்டம் கணக்கில் இல்லை, மனசில் இருக்கிறது. நான்கு முறை உங்களை விலக வைத்துவிட்டு அவர் சிரிக்கும்போது, ஐந்தாவது முறை கையில் குப்பையை வைத்துக்கொண்டு பதிலுக்கு அடிக்கத் தோன்றும். அந்த நேரம் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

எனக்கு அதிரடி ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு ப்ளஃப் பிடிபட்ட பிறகு அடுத்த மூன்று ஆட்டம் எப்படி ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். வழக்கம்போல ஆடினால் பரவாயில்லை. போனதை உடனே எடுக்க வேண்டும் என்று பெட் பெரிதானால் அது டில்ட். டில்ட் வந்தால் இறுக்கமாக ஆடுகிறவருக்குச் சின்ன நஷ்டம், அதிரடியாக ஆடுகிறவருக்கு ஸ்டாக்கே நஷ்டம். இந்த முறையில் ஏற்ற இறக்கம் பெரிது என்பதால், ஒரே இரவில் மூன்று ஸ்டாக் போனாலும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லாத பணமாக இருக்க வேண்டும். கடன் வாங்கி அதிரடி ஆடுகிறவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அவர் எப்படி ஆடினாலும் நிறுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் இருந்து இணையத்தில் பணம் கட்டி ஆடலாமா?

கூடாது. தமிழ்நாட்டின் 2022 இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை எதிர்த்த வழக்கில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்ற அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னமும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையுமே தடை செய்கிறது. இலவச சிப்ஸில் பழகலாம், பெரிய போட்டிகளின் ஒளிபரப்பைப் பார்க்கலாம். வெளிநாட்டுத் தளத்துக்கு வழி சொல்கிறேன் என்று வருகிற டெலிகிராம் ஆசாமிகளை பிளாக் செய்யுங்கள்.

ப்ளஃப் ஜெயித்த பிறகு கார்டைக் காட்டலாமா?

காட்ட வேண்டாம். காசு கட்டாத ஆளுக்கு எதற்கு இலவசக் காட்சி? ஒரே விதிவிலக்கு, அன்று இரவு முழுக்க இனி ப்ளஃப் செய்யப் போவதில்லை என்று நீங்கள் முடிவு செய்திருந்தால் ஒரு தடவை காட்டுங்கள், அதற்கப்புறம் நல்ல கார்டு வரும்வரை வாயை மூடிக்கொண்டு ஃபோல்டு செய்துகொண்டிருங்கள்.